உறவு: குடும்ப நண்பர்

பெறுநர்: வேலூர் பக்கத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகள்
பொருள்: மனு ஐயாவுக்கு ஃபிளெக்ஸ் வைத்தது தொடர்பாக

அன்புள்ள பிள்ளைகளே,

பொருள் ஒரு வரிக்கு மேல் போனால் படிக்கிறவன் டீ குடிக்க எழுந்து போய்விடுவான் என்று ஐயா சொல்வார். அதனால் அதை ஒரு வரியில் முடித்துவிட்டேன். மீதி கொஞ்சம் நீளும். டீயை இப்போதே குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

ஐயாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் கட்டிய ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு எட்டு அடி. அவர் தலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிறது, இரண்டு பக்கமும் புறா, கீழே நாற்பது பேரின் பாஸ்போர்ட் சைஸ் முகம். 'அகதிகளின் ஆலமரமே' என்று மஞ்சள் எழுத்து. ஐயா ஐந்தடி இரண்டு அங்குலம். ஆலமரம் என்றால் மூக்குப்பொடி சிந்தச் சிந்தச் சிரித்திருப்பார். ஆனாலும் கையில் இருந்த காசைப் போட்டு, ராத்திரி கண்விழித்துக் கம்பு நட்டீர்கள். அது அவர் மேல் இருந்த பாசத்தில்தான். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நடந்தது வேறு. ஷூ கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாப் பையன் ஒருத்தன், பதினெட்டு பத்தொன்பது இருக்கும், ஒரு தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரில் நின்றவர்களிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். எதிரில் நின்றவர்கள் நீங்கள் மூன்று பேர். ஒருவர் பெயரைச் சொல்லமாட்டேன், ஃபிளெக்ஸில் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். "தமிழ் தெரியாம எதுக்குடா இங்க வர்றீங்க, வடக்கனுங்களா" என்றார். மற்ற இருவரும் சிரித்தீர்கள். பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். இறங்கிவிடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி எடுத்துவிட்டது. யோசித்தது என் தப்பு.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஐயாவை அவருடைய கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில்தான் தெரியும். ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற, சிடுசிடுக்கிற கிழவர். அதற்கு முந்தைய மனுஷரைச் சொல்கிறேன்.

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார் பேசாலையில் படகேறி இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து ஒரு ராத்திரி ஒரு பகல் பயணம். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு வட ஆற்காடு என்றார்கள். காட்பாடி தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டர் "பாலாறு" என்றார். கடலில் பிறந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு எங்க?" என்றார். கண்டக்டர் மணலைக் காட்டினார். அப்பா அதற்குப் பிறகு இறங்கும்வரை எதுவுமே கேட்கவில்லை.

மூட்டை அடுக்குகிற ஒரு குடோனில் எங்களை இறக்கினார்கள். சேலையைக் குறுக்கே கட்டி மறைத்தால் ஒரு வீடு. பெயர்ப் பதிவில் என் தம்பியின் பெயர் விட்டுப்போயிருந்தது. அதனால் அவனுக்குரிய பணமும் இல்லை, அரிசியும் இல்லை. அப்பா ஓர் அலுவலகத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. மேசைக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார்.

"இன்னாது? எங்கிட்டயே கதை விட்றியா?"

அப்பாவுக்கு நடுங்கிவிட்டது. "ஓம் ஐயா" என்றார்.

"ஓமா? சாமி கும்புட வந்தியா, மனு குடுக்க வந்தியா?"

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கும் யாராவது கூட்டமாகச் சிரித்தால் என் காது முதலில் அந்தச் சிரிப்பைத்தான் கேட்கும். வாசலில் வேப்பமரத்தடியில் சின்ன மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். "சார், அவுரு உங்ககிட்ட பேசணும்ன்றாரு. கதைக்கிறதுன்னா பேசறது. ஓம்னா ஆமா. ரேடியோ சிலோன் கேட்டதே இல்லியா நீங்க?" என்றார். பிறகு எங்களை மரத்தடிக்குக் கூட்டிவந்து, "குந்துங்க. நிதானமா கதைங்க" என்றார்.

அவர்தான் மனு ஐயா. அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியவே நான்கைந்து வருஷம் ஆனது.

அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் எங்கள் சொல், வலது பக்கம் வேலூர்ச் சொல். சவுக்காரம், சோப்பு. தேத்தண்ணி, டீ. துவாய், துண்டு. கெதியா, சீக்கிரம். குசினி, சமையக்கட்டு. வாரத்துக்கு ஒருதரம் முகாமுக்கு வந்து, எங்களை உட்காரவைத்து வலது பக்கத்தைப் படிக்கச் சொல்வார். இடது பக்கத்தை அவர் படிப்பார், உச்சரிப்பு கேவலமாக இருக்கும். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்த காலம் அது பிள்ளைகளே. உங்கள் பேச்சில் இப்போது அந்த இடது பக்கம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. 'இன்னா மச்சான்' என்றுதான் வருகிறது. அதில் எனக்கு வருத்தமும் உண்டு, கொஞ்சம் நிம்மதியும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். டி.சி. கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குவதென்றால் மறுபடி கடலைத் தாண்ட வேண்டும். ஐயா ஓர் உறுதிமொழிக் கடிதம் எழுதி, விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அப்பா பக்கத்திலேயே உயிரோடு நின்றுகொண்டிருந்தார், ஆனால் உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த கட்டம், உறவு. ஐயா 'குடும்ப நண்பர்' என்று எழுதினார். அவர் எங்களுக்கு அறிமுகமாகி அப்போது பதினொரு நாள்.

"அப்படி ஒரு உறவு இந்த ஃபாரத்துல கிடையாதுய்யா. மாமா, சித்தப்பா ஏதாச்சும் எழுதுங்க" என்றார் அங்கே இருந்தவர்.

"பொய் எழுத மாட்டேன். கிடையாதுன்னா சேத்துக்கோங்க."

சேர்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் கழித்து நான் டி.சி. வாங்கப் போனபோது பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், அப்படியே இருந்தது.

மனுவுக்கு மூன்று ரூபாய் வாங்குவார். நம்மவர்களிடம் "அப்பால குடு" என்பார், ஆனால் இனாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நீட்டு நோட்டில் யார், என்ன மனு, எவ்வளவு பாக்கி என்று எழுதி வைப்பார். 2004-இல் அப்பா பெயிண்ட் வேலைக் காசைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், எங்கள் கணக்கைப் பார்க்கச் சொன்னார். நானும் போயிருந்தேன். வேண்டாம் என்பார், கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஐயா பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டினார், தொகையைச் சொன்னார், எண்ணி வாங்கினார், ரசீது எழுதிக் கொடுத்தார். அப்பா வீடு வரும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார். அந்த ரசீது இப்போதும் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எனக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு மனுவில் ஒரே ஒரு குறை. "ரெண்டு கேட்டா ரெண்டும் கெடைக்காது." தேதி கட்டாயம். நகல் கட்டாயம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வரக்கூடாது. பதினான்கு வயதில் நான் எழுதிய முதல் மனுவில் 'கண்ணீருடன்' என்று தொடங்கியிருந்தேன். அதை அடித்துவிட்டு, "அழுகைய ஊட்லயே வெச்சிட்டு வா, தேதிய எடுத்துக்கினு வா" என்றார்.

அவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். கோபம் வந்தால் தாளைக் கிழித்து மூஞ்சியில் எறிவார். இரண்டு முறை என் மேலேயே எறிந்திருக்கிறார். எந்த நேரமும் மூக்குப்பொடி, அந்தக் கையோடு மனு. அவருடைய மனைவி, நாம் அம்மா என்று கூப்பிடுகிறவர், களி கிண்டிக்கொண்டே திட்டுவார்: "ஊர்ல கீறவனுக்கெல்லாம் எழுதுவாரு. எங்க ஊட்டுப் பட்டாவுல பேரு தப்பா கீது, அத்த மாத்த மட்டும் இவருக்கு நேரமில்ல." எங்கள் அம்மா கொண்டுபோகிற சொதியை ஐயா மஞ்சள் தண்ணி என்பார். கருவாட்டுக் குழம்பில் மட்டும் மன்னாரும் வட ஆற்காடும் சண்டையில்லாமல் ஒத்துப்போயின.

1992-இல் நம் சனங்களைத் திரும்ப அனுப்பத் தொடங்கினார்கள். முகாமுக்கு ஒரு படிவம் வந்தது, முழுக்க ஆங்கிலம். சாமான் கொடுக்கத்தான் கையெழுத்து என்று யாரோ சொல்ல, வரிசையில் நின்று போட்டார்கள். அப்பா மட்டும், ஐயாவிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஐயா இரண்டு முறை படித்தார். "இதுல நீங்க உங்க ஊருக்குத் திரும்பிப் போறதுக்குச் சம்மதம்னு போட்டிருக்கு" என்றார். அன்றைக்கே முகாமுக்கு வந்து ஒவ்வொரு மறைப்பாகக் குனிந்து படித்துக் காட்டினார். போக விரும்பியவர்கள் போனார்கள். விரும்பாத சிலருக்கு மறுத்து எழுதிக் கொடுத்தார். என் சின்னம்மா குடும்பத்துக்கு அவர் வந்து சேர்ந்தது ஒரு நாள் பிந்திவிட்டது. அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

1995 ஆகஸ்ட் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மறக்காது. வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில், சிறப்பு முகாம் என்று அடைத்து வைத்திருந்த விடுதலைப் புலிகளில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிப் போனார்கள். அந்தச் சுரங்கத்தின் மண் நம் தலையில் விழுந்தது. எந்நேரமும் விசாரணை, எங்கே போனாலும் ஒரு பார்வை. அப்பா வெள்ளையடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஐயா மறுநாள் தன் மேசையைப் போடவே இல்லை. அப்பாவோடு அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார். "இவுரு வேல செய்யட்டும், நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாராம். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்து, மனு எழுதாமல் அவர் சாதித்த ஒரே காரியம் அதுதான்.

நாமெல்லாம் கொஞ்சம் தலைதூக்கிய பிறகு அவருடைய மேசைக்கு ஆள் குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஆள் மாறியது, அவ்வளவுதான். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும், கட்டட வேலைக்கும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பையன்கள் வரத் தொடங்கினார்கள். சம்பளப் பாக்கி, அடிபட்டதற்கு நஷ்டஈடு, வாடகை முன்பணம் திரும்பி வராதது. வந்த சண்டைகளும் நம்முடைய பழைய சண்டைகள்தான். அந்த நாற்பது பக்க நோட்டில் வலது பக்கத்தைப் பிரித்து இன்னொரு கோடு போட்டார். மூன்றாவது பத்தி. கூலி, மஜ்தூரி. வாடகை, கிராயா. கையெழுத்து, தஸ்தகத். பாக்கி என்று எழுதிவிட்டு எதிரே என்ன போடுவது என்று கேட்டதற்கு, அந்தப் பையன் "பாக்கி" என்றே சொன்னானாம். ஐயா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. வேலூரில் பிறந்தவர், பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தின் உருது காதில் விழுந்துகொண்டே வளர்ந்தவர். இதைப் பற்றி ஒருமுறை மரத்தடியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 'வெளியூர்க்காரனுக்கு எல்லாம் எதுக்கு எழுதுறீங்க' என்று ஓர் உள்ளூர்க்காரர் சண்டைக்கு வந்தார். ஐயா அலுவலகத்தைக் காட்டினார்: "இந்த ஆபீஸ்ல எது உள்ளூரு, சொல்லு பாப்போம். தாசில்தாரு, தாலுகா, ஜமாபந்தி, வசூலு, ஜப்தி, ரசீது, அசலு, நகலு, எல்லாம் ஆற்காட்டு நவாபு காலத்துல பாரசீகத்துலயும் அரபிலயும் கெடந்து வந்த வார்த்தைங்க. அதுங்களுக்கெல்லாம் யாரு மனு எழுதிக் குடுத்து உள்ள வுட்டா?" வந்தவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, தன் வாரிசுச் சான்றுக்கு ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் விட்டபோது ஐயாவுக்கு எழுபத்தாறு வயது. வெளியே போகாதே என்று அம்மா வாசற்கதவைப் பூட்டி வைத்திருந்தார். ஜன்னல் வழியாகத் தாளை வாங்கி, ஊர், மாவட்டம், ஆதார் எண் என்று பட்டியல் எழுதி, ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தார்.

2021 ஆகஸ்டில், இனி அகதிகள் முகாம் என்று சொல்லக்கூடாது, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அதே வருஷம் நவம்பரில் மேல்மொணவூரில் புது வீடுகளுக்கு அடிக்கல் வைத்தார்கள். எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஐயா தன் பெட்டியிலிருந்த பழைய மனு மாதிரிகளை எல்லாம் வெளியே எடுத்து, 'அகதி' என்று வருகிற இடத்தை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வேலை. உங்கள் ஃபிளெக்ஸில் அவர் தலைக்கு மேலே அந்தச் சொல்தான் மஞ்சளில் நிற்கிறது.

டீக்கடை விஷயத்துக்குத் திரும்புகிறேன். சட்டத்தைக் கொஞ்சம் படித்தவள் என்பதால் சொல்கிறேன். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, குறைந்தது தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தாக வேண்டும். டீக்கடையில் நின்ற நீங்கள் மூவரும் பிறந்தது அதற்கெல்லாம் எவ்வளவோ பிந்தி, அதுவும் நம்மைப் போன்ற அப்பா அம்மாவுக்கு. வாக்காளர் அட்டை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்த ஒடிசாப் பையனுக்கு இருக்கிறது. தாளின் கணக்கில் பார்த்தால் இந்த நாட்டுக்காரன் அவன், வந்தேறி நாம். அந்த மேசைக்கு முன்னால் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களும் நல்ல தமிழ்தான் பேசினார்கள்.

கோபமாக எழுதுகிறேனா? இருக்கலாம். தேதியோடுதான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று, அவர் சொன்ன கணக்குப்படி. ஐயாவின் மேசை அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் முறைபோட்டு அதில் உட்காருங்கள். எழுதத் தெரியாது என்று சொல்லாதீர்கள், உங்களில் ஒன்பது பேர் பட்டதாரிகள். வருகிறவர்களுக்கு இப்போது வேண்டியதில் பாதி உங்கள் செல்போனிலேயே முடிகிற வேலை. வெளி மாநில ரேஷன் அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்க முடியும் என்பதே அந்தப் பையன்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. பி.எஃப். கணக்கில் போன் நம்பரை மாற்ற, அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டைக்குப் பதிய, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணைத் தேடி எடுக்க என்று நீங்கள் பத்து நிமிஷத்தில் செய்வதற்கு, வெளியே ஆளுக்கு இருநூறு, முந்நூறு பிடுங்குகிறார்கள். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுகிறேன். மூன்றாவது பத்தியில் ஹிந்திதான் இருக்கிறது, ஒடியா இல்லை. நான்காவது கோட்டை நீங்கள்தான் கிழிக்க வேண்டும். ஃபிளெக்ஸுக்கு வசூலித்ததில் மீதி இருந்தால் வெள்ளைத் தாள் இரண்டு ரீம் வாங்கிவிடுங்கள்.

முதல் ஞாயிறு யாரும் வராமல் போகலாம். அதற்கும் வேலை இருக்கிறது. அம்மாவின் பட்டாவில் இன்னும் பெயர் தப்பாகத்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றும் வாங்கவில்லை. இரண்டையும் ஒரே மனுவில் எழுதிவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு போகிறவரிடம், நீ அவருக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். மாமா, சித்தப்பா என்று எதையாவது சொல்லிவிடாதீர்கள்.

டீக்கடைக்குத் தினமும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பையன் மறுபடி வந்தால் ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வரச் சொல்லுங்கள், தாளோடு.

காலை ஒன்பது மணிக்கு நான் வந்துவிடுவேன். சாவி அம்மாவிடம் இருக்கும். மேசைக்கு ஒரு கால் குட்டை, கீழே பழைய மனு ஒன்றை எட்டாக மடித்து வைத்திருக்கிறார். கூட்டும்போது அதை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா